எந்த டிகிரியும் போதும்

“எந்த டிகிரியும் போதும்னு சொன்ன வாய் புழுத்துப் போகணும்.”

காலை ஓட்டம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு, உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில் நின்று சூசைமிக்கேல் கத்தினான். எதிரே கல்லில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார் சுபேதார் நல்லமுத்து. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து, ராணுவ அதிகாரித் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவர்.

“எந்த வாயைல சொல்லுத?”

“சொன்ன வாய்க்குத் தெரியும்.”

கையிலிருந்த விண்ணப்பத்தை அவர் மடியில் போட்டான்.

“கடற்படைக்கு என்ஜினியரிங் படிச்சிருக்கணுமாம். நான் மூணு வருஷம் வரலாறு படிச்சிட்டு நிக்கேன். இனிமே நாலு வருஷம் படிச்சா வயசு தாண்டிரும்.”

“தரைப்படைக்குப் போயேன். அதுக்கு எந்த டிகிரியும் போதும்.”

“வள்ளத்துல வளந்தவன் ஐயா நான். கப்பலைத் தவிர வேற எதையும் நினைச்சதில்ல.”

“கப்பல்னு என்கிட்ட சொன்னியால?”

“எங்கப்பா வந்து கேட்டாரு. ‘மவனை ஆபீசராக்கணும், என்ன படிக்க வைக்க’ன்னாரு. நான் வாசலுக்கு வெளியே நின்னேன். எந்த டிகிரியும் போதும்னீங்க. தேர்வு விதியைக்கூட நான் படிச்சுப் பாக்கல. ஐயா சொன்னா சரிதான்னு இருந்துட்டேன். வெளியே நின்னவனைக் கூப்பிட்டு, உனக்கு என்னல வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

சுபேதார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

ரோட்டோரம் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வேகுவேகென்று வந்தார்.

“ஐயா, பையனை ஆபீசராக்கணும். என்ன படிக்க வைக்கலாம்? இன்னைக்குத்தான் அட்மிஷனுக்குக் கடைசி நாள்.”

சுபேதார் சிஷ்யனைக் காட்டினார். “இவன் சொல்லுவான்.”

மிக்கேலுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டான்.

“எந்தப் படைக்கு அண்ணாச்சி?”

“ஏதோ ஒண்ணு. தொப்பி வச்சா சரி.”

“தரைக்கு ஒண்ணு, கப்பலுக்கு ஒண்ணு, விமானத்துக்கு ஒண்ணுன்னு படிப்பு மாறும். பையன் எங்கே?”

“வண்டியில தூங்குதான்.”

“எழுப்பிக் கேளுங்க.”

“அவனுக்கு என்ன தெரியும்? நான் கேட்டது படிப்பு தம்பி, ஜாதகம் இல்ல.” டிரைவர் சலித்துக்கொண்டார். “நீ என்னவா இருக்க?”

மிக்கேலின் பார்வை சுபேதாரின் மடியில் கிடந்த விண்ணப்பத்தின் மேல் போனது.

“அதான பாத்தேன். போற வழியில காலேஜ் இருக்கு. எது கிடைக்குதோ அதுல சேத்துட்டுப் போறேன்.”

அவர் திரும்பி நடந்தார். அதே அவசரம், அதே நடை. மூன்று வருஷத்துக்கு முன் தன் அப்பா நடந்துபோனதுபோலவே இருந்தது மிக்கேலுக்கு.

“நீ கேட்ட. என்னல ஆச்சு?” என்றார் சுபேதார்.

“ஒண்ணும் ஆகல.”

“அன்னைக்கு நான் கேட்டிருந்தாலும் இதுதான் ஆகியிருக்கும்.”

மிக்கேல் திரும்பிப் பார்த்தான்; டிரைவர் இன்னும் லாரியை எட்டவில்லை.

“இல்ல ஐயா. நீங்க கேட்டிருந்தா எங்கப்பா நின்னிருப்பாரு. என் பேச்சுக்கு எவன் நிப்பான்? என் மூணு வருஷத்தை உங்களால தர முடியாது. அது போனது போனதுதான். ஆனா அந்த ஆளு இன்னும் வண்டியில ஏறல. எந்திரிங்க. நீங்களே போய் அந்தப் பையனை எழுப்பிக் கேளுங்க.”