நாரைத்திட்டிக் கோட்டையும் ஓட்டைக் கொடுத்த நண்டும்

அந்தக் காலத்தில் நண்டுகள் மனிதரோடு பேசின. மனிதரும் வேறு வழியில்லாமல் பதில் சொன்னார்கள். பழைய சங்குகளை முதுகில் இழுத்துக்கொண்டு கடற்கரையில் திரிகிறதே, அந்த நண்டுக்கும் அப்போது சொந்த ஓடு இருந்தது. தலையிலிருந்து வால்வரை கல்போன்ற ஓடு. படித்தவர்கள் அதற்குத் துறவி நண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எதையும் துறக்கவில்லை. நடந்தது வேறு.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நாரைத்திட்டி என்ற சிறு தீவில் பறங்கியர் என்று ஊர் அழைத்த போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். சுவருக்கு வேண்டிய முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், கடலிலேயே கிடைத்தது. சாந்துக்குச் சுண்ணாம்புதான் போதவில்லை. கரையில் கிடந்த சிப்பி, சோழி, சங்கு எல்லாவற்றையும் சூளையில் போட்டுச் சுட்டாயிற்று. வாசல் சுவர் இன்னும் பாதியில் நின்றது. அப்போதுதான் கோட்டைத் தலைவனான கப்பித்தானின் மொழிபெயர்ப்பாளர் சந்தியோகு முதலியார் நண்டைத் தேடி வந்தார்.

"உன்ர ஓட்டில பின்பக்கத்தைத் தா. கோட்டை முடிஞ்சதும் வாசலோரம் உனக்கொரு அறை," என்றார்.

"அதுவரைக்கும் என்ர முதுகுக்கு என்ன வழி, முதலியார்?"

"மணலுக்குள்ள கிட. கப்பித்தான் சொன்னால் சொன்னதுதான்."

நண்டுகள் ஓட்டைக் கழற்றுவது வழக்கம்தான். ஆனால் உள்ளே புது ஓடு உருவான பிறகே கழற்றும். இந்த நண்டு கல்வீட்டு ஆசையில் அவசரப்பட்டது. ஓடு சூளைக்குப் போயிற்று. முதுகில் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. அந்த மெத்தென்ற சதையைக் கடற்காகங்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டன.

சுவர் எழுந்தது. நண்டு அறை கேட்கப் போனது. கோவாவிலிருந்து கப்பல் வரட்டும் என்றார்கள். கப்பல் வந்தது, பெருநாள் முடியட்டும் என்றார்கள். பெருநாள் முடிந்தது, அறையில் வெடிமருந்து வைத்தாயிற்று என்றார்கள். ஒவ்வொரு முறையும் நண்டு கடற்காகத்துக்குப் பயந்து பயந்து வாசல்வரை ஊர்ந்தது, அப்படியே ஊர்ந்து திரும்பியது.

பிறகு ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் பீரங்கியோடு வந்தார்கள். பறங்கியர் போனார்கள். கொடி மாறியது, கோயில் மாறியது, முதலியார் மட்டும் மாறவில்லை. மொழிபெயர்ப்பவர்களுக்கு ஆயுள் கெட்டி. புதுத் தளபதியிடம் நண்டின் வழக்கை அவரே எடுத்துச் சொன்னார், பதிலையும் அவரே கொண்டுவந்தார்: வாக்குக் கொடுத்தது முன்னால் இருந்தவர்கள், அவர்களைப் போய்க் கேட்கவும். அவர்கள் எங்கே என்று நண்டு கேட்டது. கடலுக்கு அப்பால் என்று முதலியார் கை காட்டினார். காட்டிய திசையும் தவறு.

அடுத்து ஆங்கிலேயர். ஒரு குண்டுகூடச் சுடாமல் கோட்டையை வாங்கிக்கொண்டு, முந்தியவர்களின் கட்டிலில் படுத்து, முந்தியவர்களின் கோப்பையில் குடித்தார்கள். அதே கேள்வி, அதே பதில். நண்டு இன்னொரு முறை விளக்கிப் பார்த்தது.

"அந்தச் சுவரில இருக்கிறது என்ர ஓடு, முதலியார். நீங்கள் சாஞ்சு நிக்கிறியளே, அதுதான்."

முதலியார் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். அறை கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் கடற்காகம் வாலைக் கவ்வியது. நண்டு உதறிக்கொண்டு ஓடியது. தோண்டிப் புதைய நேரமில்லை. ஏதோ ஒரு கடல்நத்தை விட்டுப்போன ஓடு பக்கத்தில் வாய் திறந்து கிடந்தது. நண்டு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பின்புறமாக உள்ளே நுழைந்து, பெரிய கொடுக்கால் வாயை அடைத்துக்கொண்டது. கடற்காகம் அலகால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

இதைப் பார்த்த முதலியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். கரையில் ஒதுங்குவதெல்லாம் கோட்டைக்குச் சொந்தம், வெளியே வா என்றார். யாருடைய ஓட்டுக்குள் யாரைக் கேட்டு நுழைந்தாய் என்று அதட்டினார்.

"முன்னால இருந்தவரைப் போய்க் கேளுங்கோ, முதலியார்," என்றது நண்டு உள்ளிருந்தபடி.

மூன்று கொடிகளுக்கும் பேசிக்கொடுத்த முதலியார் வந்த வழியே கோட்டைக்குத் திரும்பி நடந்தார். காலம் போக ஆங்கிலேயரும் போனார்கள். கூரை விழுந்தது, மதில் பிளந்தது, கோட்டை யாருக்கும் வேண்டாததாயிற்று.

நண்டு வெளியே வரவேயில்லை. அன்றிலிருந்துதான் அதன் குலம் பிறர் விட்டுப்போன ஓட்டில் குடியிருக்கிறது. அதைவிடப் பெரிய ஓடு ஒன்று கண்ணில் பட்டால், பழையதைக் கரையிலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுகிறது.