கண்ணில் படாத ஏடு

ராஜா மாறவேலரின் ஓலைச்சுவடிகள் எல்லாம் மலையுச்சியில், மேகம் தவழும் மாடம் ஒன்றில் இருந்தன. வெள்ளமும் கறையானும் ஏற முடியாத இடம். மனிதரும் ஏற முடியாதபடி செய்தவர் காப்பாளர் சபாநாயகம். "பதிவில் பெயர் இல்லாதவர் கண் ஏட்டில் படக்கூடாது. ஏடும் மாடத்தை விட்டு இறங்கக்கூடாது" என்று எழுதி, ராஜாவின் முத்திரையும் வாங்கிவிட்டார்.

ஒருநாள் ஆட்டுக்காரி மாடத்தி தன் சனங்களோடு ஓடிவந்தாள்.

"சாமி, கிடையில ஆடுங்க நுரை தள்ளிச் சாகுது. மருந்து உங்க ஏட்டுல இருக்காமே!"

"பதிவில் பெயர் உண்டா?" என்றார் சபாநாயகம்.

"இல்லீங்களே."

"மூன்று சாட்சி கொண்டுவா. பெயர் ஏற மூன்று மாதம் ஆகும்."

"அதுக்குள்ள ஆட்டுக்கெல்லாம் கருமாதியே முடிஞ்சிடும் சாமி!"

அரண்மனை விகடர் கூத்தரசன் காதில் இது விழுந்தது. அவர் பெயர் பதிவில் உண்டு. ஆட்டுக்காரர்களை மாடத்துச் சன்னலுக்குக் கீழே நிறுத்தி, முந்தானையாலும் துண்டாலும் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு மேலே ஏறி, சன்னலில் நின்று வைத்திய ஏட்டை வரி வரியாக, தொண்டை கிழியப் படித்தார். இரண்டு தடவை. கேட்டவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு கிடைக்கு ஓடினார்கள். ஐந்தாம் நாள் ஆடுகள் எழுந்து மேய்ந்தன.

சபாநாயகம் சபையில் வந்து கத்தினார். "அரசே, இவர் விதியை மீறிவிட்டார்!"

"யார் கண்ணும் படவில்லையே," என்றார் கூத்தரசன். "காதுதானே பட்டது?"

ராஜாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "என் கட்டளையோடு விளையாடுகிறாயா? அதில் காது உண்டா இல்லையா, நானே பார்க்கிறேன். கட்டளை ஏட்டைக் கொண்டுவா!"

"அதுவும் மாடத்தில்தான் இருக்கிறது. ஏடு இறங்கக்கூடாதே, அரசே," என்றார் கூத்தரசன்.

"சரி, நான் ஏறுகிறேன்!"

"தாராளமாக. பதிவில் தங்கள் பெயர் உண்டா?"

ராஜா சபாநாயகத்தைப் பார்த்தார். சபாநாயகம் தரையைப் பார்த்தார். அரசர் பெயரைப் பதிய வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"இல்லையென்றால்?" ராஜா பல்லைக் கடித்தார்.

"மூன்று சாட்சி, மூன்று மாதம். அவசரமென்றால்..." கூத்தரசன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பணிவாக நீட்டினார். "கண்ணைக் கட்டிக்கொண்டு சன்னலடியில் வந்து நில்லுங்கள், பிரபு. உரக்கவே படிக்கிறேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. விதி அப்போதே ரத்து. கூத்தரசனுக்கு வைரக் கடுக்கன். கேட்டவருக்கெல்லாம், பெயர்கூடக் கேட்காமல், நகல் எழுதிக் கொடுக்கும் வேலை சபாநாயகத்துக்கு.