கப்பல் வயிற்றில் இருந்த நீர்

காலிக் கப்பல் என்று ஒன்று உண்டு என நம் மக்கள் நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள் என்பதுதான் வேதனை. மிகுந்த பொறுப்புணர்வோடு இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. காலிக் கப்பல் எதுவும் இன்றுவரை கடல் கடந்ததில்லை. சரக்கில்லாத கப்பல் அலையில் ஆடிக் கவிழ்ந்துவிடும் என்பதால், புறப்படும் துறைமுகத்திலேயே அது வயிறு நிறையக் கடல் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். சரக்கு ஏற்றப்போகும் இடத்தில் அதைக் கொட்டும். யார் தலையில் கொட்டும் என்பதுதான் கதை.

அந்தக் காலத்தில், மட்டியும் நண்டும் கப்பலும் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு கழிமுகத்தின் வாசலில் நண்டார் காவல் இருந்தார். அவர் தம் பெரிய கொடுக்கை உயர்த்தினால்தான் எவருக்கும் வழி. பதவியோடு மரியாதைப் பைத்தியமும் வந்து சேர்ந்திருந்தது. ‘நீ’ என்றால் கிள்ளுவார். ‘நீங்கள்’ என்றால், தம்மைக் கும்பலில் ஒருவராக்கிவிட்டார்களோ என்று சந்தேகப்படுவார். ‘நீர்’ என்று அழைத்தால் மட்டுமே முகம் மலரும்.

வாசலுக்குப் பக்கத்துச் சேற்றில் மஞ்சள் ஓடு போர்த்த மட்டி ஒருத்தி குடியிருந்தாள். அப்போதுதான் முட்டையிட்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத அவள் பிள்ளைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார்கள். சீக்கிரமே அவர்கள் கீழே இறங்கிப் புதைய வேண்டும். அதற்கு மெத்தென்ற வெறும் சேறு வேண்டும். இல்லாவிட்டால் பிழைக்கமாட்டார்கள்.

ஒரு நாள் தூரதேசத்துக் கப்பல் ஒன்று வந்து நின்றது. அதன் வயிற்றுக்குள் ஏதோ தளும்பியது.

“உள்ளே இருப்பது யார்?” என்றார் நண்டார்.

“நீர்தான்” என்றது கப்பல்.

நண்டார் திகைத்தார். “நானா?”

பல துறைமுகம் பார்த்த கப்பல். நொடியில் ஆளை எடைபோட்டுவிட்டது. “நீரேதான். உள்ளே முழுக்க நீர்.”

நண்டாரின் கண்கள் காம்போடு எழுந்து நின்றன. “உங்கள் ஊரில் என்னைத் தெரியுமா?”

“நீர் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு கப்பலும் நகராது.”

“அய்யா, அது தண்ணீரைச் சொல்கிறது” என்றாள் மட்டி. “எந்த ஊர்த் தண்ணீர், அதில் என்ன நீந்துகிறது என்று கேளும். என் பிள்ளைகள் இன்னும் சேற்றில் இறங்கவில்லை.”

“உனக்குப் பொறாமை. உன்னைப் பற்றி எந்தக் கப்பலாவது பேசியதுண்டா?”

நண்டார் கொடுக்கை உயர்த்தினார்.

வாய் கொப்பளித்துத் துப்புவதுபோல் கப்பல் அத்தனை தண்ணீரையும் கழிமுகத்தில் துப்பியது. ஒருவன் வீட்டு வாசலில் இப்படிச் செய்தால் செருப்படி விழும். கடலின் வாசலில் செய்தால் அதற்குப் பெயர் வணிகம். சரக்கை ஏற்றிக்கொண்டு கப்பல் போய்விட்டது.

அந்தத் தண்ணீரில் தூசிபோல் வந்தவை, கத்திபோல் விளிம்புள்ள கறுப்புச் சிப்பிகளாக வளர்ந்தன. நூல் விட்டு ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. கல், வேர், படகின் அடி, கடைசியில் சேறு முழுவதையும் மூடின. மட்டியின் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். கீழே ஓட்டின்மேல் ஓடு. அவற்றின்மேல் உருண்டு உருண்டு ஒருவர் மிச்சமில்லாமல் செத்தார்கள்.

நண்டார் ஒரு சிப்பியை அதட்டினார். “யாரைக் கேட்டு வந்தாய்?”

“எங்களை யார் கேட்டார்கள்? அங்கே மொண்டார்கள், இங்கே ஊற்றினார்கள். திரும்பிப் போக வழி சொல்லும், போகிறோம்.”

அடுத்த சரக்குக்கு அதே கப்பல் வந்தது. “ஏமாற்றிவிட்டாயே” என்று நண்டார் கத்தினார்.

“உள்ளே இருப்பது நீர் என்றேன். இதில் எந்தச் சொல் பொய்?” என்றது கப்பல். இம்முறை அது கொடுக்குக்காகக் காத்திருக்கவுமில்லை. கொட்டிவிட்டு, ஏற்றிக்கொண்டு, சங்கு ஊதிக்கொண்டு போனது.

கறுப்பு ஓடுகளுக்கு அடியிலிருந்து மட்டியின் குரல் கேட்டது.

“எந்த ஊர் என்று ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க உனக்கு வாயில்லை.”

‘உனக்கு’ என்றாள். நண்டார் கிள்ளவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தார். கப்பல்மேல் இருந்த ஆத்திரமும் தம்மேல் இருந்த ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்ததில் சொல் வரவில்லை. நுரைதான் வந்தது.

அன்று முதல்தான் நண்டின் வாயில் நுரை பொங்கிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கழிமுகத்தில் சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிக்கும் பெண்கள், இப்போது ரப்பர் செருப்பைக் காலோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள்.