நாச்சிமுத்து பேசிய சுவாஹிலி

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிக்காரர்கள் கூடும் டீக்கடையில் நாச்சிமுத்துவின் புளுகைக் கேட்காத பெஞ்சு கிடையாது. ஆனால் அன்றைக்கு அவன் பொழுதுபோக்குக்குப் புளுகவில்லை. எதிரே முதலாளி பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்தார். தான்சானியா போகிற வண்டிக்கு அந்த ஊர்ப் பாஷை தெரிந்த டிரில்லர் ஒருத்தன் வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் நாச்சிமுத்துவுக்கு மறுபடி ஒரிசா வண்டிதான். மூன்று வேளையும் உருளைக்கிழங்குக் குழம்புதான். நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

"போன தடவ மூணு மாசம் இருந்தியே, சுவாஹிலி வருமா?" என்றார் முதலாளி.

"வருமாவா? ஏரோப்பிளேன் ஏறறப்ப ஒரு வார்த்தை தெரியாதுங்க. எறங்கறப்ப முந்நூறு! அதும் நம்மூர் மரியாதையோட. தண்ணிய அவங்க 'மாஜி'ம்பாங்க, நான் 'மாஜிங்க'ம்பேன். தக்காளிக்காரம்மா, எம்புருசன்கூட இப்படிப் பேசினதில்லைன்னு கூடையோட தூக்கிக் குடுத்துட்டாங்க."

பாஸ்போர்ட் எடுத்துவைத்து ஆறு வருஷமாகக் காத்திருக்கும் டிரில்லர் மாரப்பன் வடையைக் கீழே வைத்தான். "நீ சைகைலதான் பேசினேன்னு உங்க வண்டிச் சமையக்காரன் சொன்னானே?"

"அது சிங்கத்துக்கிட்ட. பட்டப்பகல்ல வண்டி முன்னால வந்து நின்னுச்சு. மொதல்ல சைகை. அப்பறம் சுவாஹிலில, வாங்க, உக்காருங்க, சாப்டீங்களான்னேன்."

"சிங்கத்துக்கிட்டயா சாப்டியான்னு கேட்டே!"

"வந்தவங்கள வேறென்ன கேக்கறது? 'இப்பத்தான் ஆச்சுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு."

டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் கையில் சுடுநீரை ஊற்றிக்கொண்டார். முதலாளியின் மீசை மட்டும் அசையவில்லை. நாச்சிமுத்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். இனி அடக்கிப் பேசினால் ஆகாது.

"தொள்ளாயிரம் அடி ஓட்டியும் வெறும் புழுதிங்க. குழிக்குள்ள குனிஞ்சு, 'கரிபு மாஜிங்க, வாங்க'ன்னேன். தண்ணி பீச்சி அடிச்சு மேகத்துல முட்டுச்சு. போன ஐப்பசில நம்ம மலைமேல ஒரு மழை பேஞ்சுதே? அந்தத் தண்ணிதானுங்க. லேசா உப்புக் கரிச்சுதில்ல?"

முதலாளி செல்போனை எடுத்தார். தான்சானியாவில் வண்டிக்குக் கையாளாக இருக்கும் அந்த ஊர்க்காரன் ஜுமாவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பெஞ்சில் வைத்தார்.

"ஏனுங்க முதலாளி, சௌக்கியங்களா? சாப்டீங்களா?" என்றது போன்.

"உனக்கெப்படிப்பா தமிழு?" என்றார் முதலாளி.

"ஊருக்கே வருமுங்க. நாச்சிமுத்தண்ணன் பேசற சுவாஹிலி ஒருத்தருக்கும் வெளங்கலீங்க. தமிழ் கத்துக்கறது அதவிடச் சுளுவா இருந்துச்சுங்க."

கடை சிரித்துக் குலுங்கியது. நாச்சிமுத்து அசரவில்லை. "பாத்தீங்களா முதலாளி! ஒரு ஊருக்கே பாஷை சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கறேன்!"

"நல்ல வேலை பண்ணினே. இனி அங்க யார் போனாலும் ஒண்ணுதான். மாரப்பா, நீ கெளம்பு." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார் முதலாளி. "நாச்சிமுத்து, நீ ஒரிசா போ. அங்க இன்னும் ஒருத்தனுக்கும் தமிழ் வரலை."