ஊரில் ஒருத்தருக்கு

ஒரு மலை. மலைமேல் சின்னதாக ஒரு மடம். மடத்துக்குப் பெரியவர் பூரணத்தம்மா. பெரியவர் என்றால் வயதில் இல்லை, நாற்பதுக்குள்தான் இருக்கும். அவருடைய சீடர் ஆண்டியப்பன் அறுபதைத் தொட்டவர். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கி உரமேறின உடம்பு. அறிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கும்பிட வேண்டியதுதானே, வயதா பார்ப்பார்கள்?

குருபூசைக்கு முந்தின மண்டலம் முழுக்க, தினமும் அன்னதான அரிசியைத் தோளில் சுமந்து படியேற வேண்டும். நடுவில் இறக்கக் கூடாது. அது அந்த மடத்து வழக்கம். அந்த வருசம் ஆண்டியப்பன் நேர்ந்துகொண்டார்.

ஒருநாள் மேலே வந்து மூட்டையை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அம்மா, குடலிறக்கம் கத்தி வைக்காம ஆறுமா?”

“யாருக்கு?”

“ஊர்ல ஒருத்தருக்கு.”

அம்மா மூட்டையைப் பார்த்தார். அதில் ஒரு கிழிசல். அரிசி பிதுங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அரிசி உள்ளே போனது.

“ஆறிடுச்சா?”

“அதெப்படிம்மா? கையை எடுத்தா கொட்டுமே.”

எடுத்தார். கொட்டியது.

ஆண்டியப்பன் விடவில்லை. “சாக்குக்கு உயிரில்ல. உடம்புக்கு உயிரிருக்கே. புண்ணு ஆறுதில்ல?”

“உயிர் இருக்குதான். சாக்கு கிழிஞ்சா அரிசியோட போகும். உடம்பு கிழிஞ்சா?”

ஆண்டியப்பன் கொட்டின அரிசியைக் கூட்டி அள்ளினார்.

“அந்த ஒருத்தரைப் பாரம் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. சந்தேகம்னா அவரே இங்க வந்து கேக்கட்டும்.”

“சொல்றேம்மா.”

யாரிடம் போய்ச் சொல்வது? வேட்டிக்குள்ளே, தொடை இடுக்கில், எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருந்தது அவருக்குத்தான். நின்றால் வரும், படுத்தால் போகும். ஒரு பெண்ணிடம், அதுவும் குருவிடம், அதை எந்த வாயால் சொல்ல? நேர்ந்துகொண்டது என்னாவது?

துண்டை மடித்து வைத்து இறுக்கிக் கட்டினார். “மூச்சு அடங்கினால் எல்லாம் அடங்கும்” என்று அம்மா ஒரு சாயங்காலம் பேசியிருந்தார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விடியுமுன் எழுந்து, மூச்சை இழுத்து அடக்கி, முகம் சிவக்க முக்குவார். பிறகு யாரும் பார்க்குமுன் மூட்டையோடு படியேறுவார்.

எலுமிச்சம்பழம் மாங்காய் ஆனது.

சமையல்கட்டு செவந்திக்குக் கண் கூர்மை. “என்னண்ணே, காலை அகட்டி அகட்டி மாப்பிள்ளை நடை நடக்குறீங்க? பொண்ணு பாத்தாச்சா?”

“அடுப்பைப் பாரு புள்ளே, சாதம் தீயுது.”

குருபூசை நெருங்கியது. ஒரு காலை, பாதிப் படியில் மூட்டை சரிந்தது. ஆண்டியப்பன் சுருண்டு விழுந்தார். படுத்தும் புடைப்பு உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிக் கிடந்தது. தொட்டால் உயிர் போனது. பச்சையாக வாந்தி எடுத்தார்.

செவந்தி போட்ட கூச்சலில் அம்மா வெறுங்காலோடு ஓடிவந்தார். ஆளுக்கொரு பக்கம் தாங்கி அடிவாரத்துக்கு இறக்கினார்கள். அங்கே செவந்தியின் புருஷன் கன்னியப்பன் காய்கறி வேனோடு நின்றான். பின்னால் சாக்கை விரித்துப் படுக்க வைத்தார்கள். அம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரி வேண்டாம்மா. நீங்க தொட்டு, ஒரு மூச்சு ஊதினாப் போதும்.”

“ஓடிவந்ததுல என் மூச்சு எனக்கே பத்தல.”

“நீங்கதானே சொன்னீங்க, மூச்சு அடங்கினா...”

“மனசுக்குச் சொன்னேன் ஐயா. நீங்க குடலுக்குச் சொல்லிட்டீங்க.”

வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஆண்டியப்பன் பல்லைக் கடித்தார்.

“பாதிப் படியில மூட்டையை இறக்கிட்டேனே.”

“செவந்தி மேல ஏத்திடுவா.”

“பூரணத்தம்மா சீடனே கத்தி வச்சுக்கிட்டான்னு ஊர் சிரிக்கும். உங்க பேரு...”

“சிரிக்கட்டும். சிரிக்கறப்ப நீங்களும் கூட இருந்து கேளுங்க.”

அவர் நெற்றி வேர்வையை அம்மா முந்தானையால் துடைத்தார்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“கத்தி வைக்காம ஆறுமா?”

“யாருக்கு?”

வேன் வளைவில் திரும்பியது. இன்னொரு வலி வந்து, பிழிந்துவிட்டுப் போனது.

“எனக்குத்தாம்மா.”

அம்மா முன்பக்கம் எட்டிக் குனிந்தார்.

“கன்னியப்பா, இன்னும் கொஞ்சம் விரட்டிப் போ.”