ஒன்பதாம் கிளை

நோர்வேயின் வடகரையில், மீன் பதனிடும் தொழிற்சாலையை நம்பிக் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பங்கள் சில வாழும் ஊர் ஒன்று உண்டு. மாரிக் குளிரில் அவ்வூர்க் குடாவின் உட்பாதி உறைந்துவிடும், வெளிப்பாதி உறைவதில்லை. உறைந்த பகுதியின் விளிம்பருகே துளையிட்டுத் தூண்டில் இறக்கினால் நல்ல மீன் கிடைக்கும். ஆயினும் கடற்காற்று எழுந்துவிட்டால், காலையில் பாறையாய்க் கிடந்த பனிக்கட்டி பிற்பகலில் ஓர் ஆளையும் தாங்காது.

ஆகவே அங்கே ஒரு வழக்கம். முதலில் இறங்குபவர் அலவாங்கு என்னும் கடப்பாரையால் குத்திக் குத்திப் பனிக்கட்டியின் உறுதியைச் சோதித்து, ஐம்பது காலடிக்கு ஒன்றாக ஊசியிலைக் கிளைகளை நட்டுக்கொண்டு போவார். கிளையில் கட்டும் கம்பளி நூலுக்கு வீட்டுக்கு ஒரு நிறம். யாக்கோப்பு வீட்டுக்குச் சிவப்பு. அவர் மனைவி பிலோமினாவின் தம்பியான எமிலியான் வீட்டுக்கு நீலம். ஒருவர் நட்ட கிளையை மற்றவர் தொடலாகாது. வழியில் பழுது கண்டவர் தம் நிறக் கிளையை நடலாம், அதற்குத் தடையில்லை. காற்றுப் பிடுங்கிய கிளையைச் சறுக்கி விளையாடும் பிள்ளைகள் கண்ட இடத்தில் குத்திவிட்டுப் போவதுண்டு. அதனால், இடம் மாறி நிற்கும் தம் கிளையை எவரும் பொருட்படுத்துவதில்லை. கரையில் இருப்பவர் கிளைகளை எண்ணிக்கொண்டிருப்பார். ஒன்று குறைந்தாலும் பனிக்கட்டி உடைந்ததாகக் கொண்டு மீட்புப் படையை அழைக்கவேண்டும்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் யாக்கோப்பு பன்னிரண்டு சிவப்புக் கிளைகளை நட்டார். எமிலியான் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பின்னே போனான். நண்பகல் கடந்ததும் கடற்பக்கக் காற்று எழுந்தது. பனியும் பொழியத் தொடங்கிற்று.

"அத்தான், காத்து மாறுது. மீன் பிடிச்சது காணும், வாங்கோ."

"உனக்குக் காத்து மாறாட்டில்தான் அதிசயம். போன கிழமையும் இதைத்தான் சொன்னனி. நீ வண்டிலை இழுத்துக்கொண்டு நட. மிச்சம் ரெண்டு தூண்டிலையும் சுத்திக்கொண்டு பின்னாலை வாறன்."

"அலவாங்கு?"

"முன்னுக்குப் போறவன்ரை கையிலைதான் அது இருக்கோணும். கொண்டு போ."

எமிலியான் புறப்பட்டான். பத்தாம் கிளையைக் கடந்து ஒன்பதாவதை நெருங்கியபோது அவனது வலக்கால் முழங்கால்வரை நீரில் இறங்கியது. காலை இழுத்தெடுத்து, அலவாங்கால் குத்திக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தான். நாற்பது காலடிக்கு அப்பால் உறுதியான தளம் கிடைத்தது. அவனுடைய நீலக் கிளைகள் நான்கும் வண்டியில், மீன்பெட்டிகளின் அடியில் கிடந்தன. மேலே கட்டிய கயிறு உறைந்து இறுகியிருந்தது. நனைந்த காற்சட்டையும் விறைத்துக்கொண்டு வந்தது. எனவே, குத்திப் பார்த்தபடி போய் ஒன்பதாம் கிளையைப் பிடுங்கிவந்து, அந்த உறுதியான இடத்தில் நட்டான். இருமுறை கூவினான், காற்று அக்குரலைக் கரைக்கே திருப்பி அடித்தது. கால் மரத்துப்போகுமுன் கரையேறவேண்டுமென்று விரைந்தான்.

அவ்வேளை பிலோமினா சமையலறைச் சன்னலில் தொலைநோக்கியுடன் நின்றாள். பொழிவு சற்று விலகிய இடைவெளியில் சிவப்பு நூல்களை எண்ணினாள். பன்னிரண்டு. கையிலிருந்த தொலைபேசியை அலமாரித் தட்டில் வைத்துவிட்டாள்.

யாக்கோப்பு பத்தாம் கிளைக்கு வந்தார். அடிச்சுவடுகளைப் பனி மூடியிருந்தது. தம் சிவப்பு நூல் ஒன்று விலகி எங்கோ நிற்பதைக் கண்டார். பிள்ளைகளின் வேலை என்று எண்ணினார். சோதித்துப் பார்க்கக் கையில் அலவாங்கு இல்லை. ஆனால் காலையில் தாமே சோதித்த வழி நினைவில் இருந்தது. நேரே நடந்தார். முப்பதாவது காலடியில் பனிக்கட்டி பிளந்தது.

அவருடைய அலறல் கேட்டபோது எமிலியான் கரையை அப்போதுதான் தொட்டிருந்தான். ஏணியும் கயிறும் எடுத்துத் திரும்ப ஓடி, வயிற்றால் ஊர்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு கிடந்தான். அவன் ஓடுவதைக் கண்டு பிலோமினா அழைத்த மீட்புப் படை வந்துசேர இருபத்தைந்து நிமிடமாயிற்று. உயிர் தப்பியது. வலக்கையில் நான்கு விரல்களை வெட்டவேண்டியதாயிற்று. மீன் வெட்டும் கத்தியைப் பிடித்த கை அது.

"நான் குத்திப் பாத்து, நல்ல பனியிலைதான் நட்டனான்," என்கிறான் எமிலியான். "நான் பன்னிரண்டு எண்ணினனான்," என்கிறாள் பிலோமினா. "காலமை நானே சோதிச்ச இடத்தாலைதான் நடந்தனான்," என்கிறார் யாக்கோப்பு. மூன்றும் மெய். எனினும் மைத்துனர் இருவரும் பேசுவதில்லை. கணவனுக்கும் தம்பிக்கும் நடுவில் நின்று தவிக்கிறாள் பிலோமினா.

இம்மூவருள் பிழை செய்தவர் யார்? அந்தப் பிழைதான் யாது?

விடை: பிழை எமிலியானுடையது. மற்றவர் கிளையைத் தொட்டுக் கட்டுப்பாட்டை மீறியதன்று அப்பிழை. உயிர் காக்க மீறலாம். அவன் தன் சோதனையை அத்தானின் நிறத்தில் எழுதிவைத்தான். சிவப்பு இடம் மாறினால் விளையாட்டு. நீலம் நின்றிருந்தால் எச்சரிக்கை. கிளையைப் பிடுங்கி எறிந்திருந்தாலும் பதினொன்று என்று எண்ணியவுடனே தமக்கை மீட்புப் படையை அழைத்திருப்பாள். அவன் செய்த ஒரே செயல் இருவர் கண்களையும் ஏமாற்றிவிட்டது. மருத்துவமனையில் கட்டுப்போட்ட கையோடு கிடந்தவரிடம், "அதை நான்தான் நட்டனான், அத்தான்," என்று அவன் சொன்னபோது, யாக்கோப்பு ஒன்றே ஒன்று கேட்டார்: "உன்ரை நீலம் எங்கையடா?" அவை அப்போதும் வண்டியில், மீன்பெட்டிகளின் அடியில், ஒரு முடிச்சும் அவிழாமல் கிடந்தன.