ஆயிரத்தோடு நின்றவர்

மலையடிவாரத்தில் கணித மடம் ஒன்று இருந்தது. சேருகிறவர்களுக்கு ஆசிரியை ஆவுடையம்மை ஆளுக்கோர் எண் கொடுப்பார். அதை மீதியில்லாமல் வகுக்கும் அதைவிடச் சிறிய எண்களையெல்லாம் கூட்ட வேண்டும். வந்த தொகையையும் அப்படியே செய்ய வேண்டும். பத்து என்றால் ஒன்று, இரண்டு, ஐந்து, கூட்டினால் எட்டு. எட்டிலிருந்து ஏழு. ஏழு பகா எண். ஒன்றைத் தவிர அதை வகுக்க வேறு சிறிய எண் இல்லை. ஆக, ஒன்று. ஒன்றுக்கு வந்தவர் ஊருக்குப் போகலாம்.

மருதப்பர் ஆசிரியையைவிட மூத்தவர். நடை பழகாத மகளை ஊரில் விட்டு வந்திருந்தார். அவருடைய எண்ணோ வருஷக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. பின்னால் வந்தவர்கள்கூட முடித்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் அவர் ஊர் உப்பு வியாபாரி வந்தார். "சாயங்காலமானா உம்ம மக பாதைக்கு வந்துருதா. போறவங்க வாறவங்ககிட்டயெல்லாம், 'எங்கப்பாவப் பாத்தீயளா'ன்னு கேக்கா."

அப்போது மருதப்பரிடம் இருந்த எண் பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. அதை வகுக்க எதுவும் அகப்படவில்லை. மூட்டையோடு ஆசிரியையிடம் வந்தார்.

"பகா எண்தான் அம்மா. அடுத்தது ஒன்று. புறப்படுகிறேன்."

கூடப் படிக்கும் கைலாசம் சிரித்தான். "ஊருக்குப் போய் மகளையும் வகுத்துப் பார்க்காதீர் அண்ணாச்சி!"

ஆவுடையம்மை சிரிக்கவில்லை. "எதுவரை வகுத்தீர்கள் ஐயா?"

"ஆயிரம் வரை."

"எதுவரை வகுக்க வேண்டும்?"

வர்க்கமூலம் வரை. இந்த எண்ணுக்கு அது ஆயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் மேலே. அவருக்கும் அது தெரியும்.

"மிச்சம் பத்து எண்தானே அம்மா. அதில் என்ன இருந்துவிடப் போகிறது?"

"அந்தப் பத்துக்கு ஏன் பொறுக்கவில்லை?"

"மகள் நினைப்பு வந்துவிட்டது. கை ஓடவில்லை."

ஆவுடையம்மை மணல் பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஆயிரத்தொன்றில் மீதி வந்தது. அடுத்ததிலும் வந்தது. ஆயிரத்து ஒன்பதில் விரல் நின்றது. ஈவு ஆயிரத்துப் பதின்மூன்று. மீதி எழுத எதுவுமில்லை.

மருதப்பர் மூட்டையைக் கீழே வைத்தார். "இனி எத்தனை வருஷமோ."

ஒன்றையும், ஆயிரத்து ஒன்பதையும், அந்த ஈவையும் கூட்டினார். இரண்டாயிரத்து இருபத்து மூன்று. பத்து லட்சம் ஒரே இறக்கமாக இறங்கிவிட்டது. நம்பாமல் மறுபடி கூட்டினார். பிறகு அதன் வகுத்திகளைத் தேடிக் கூட்டினார். நானூற்று முப்பத்து மூன்று. இந்த முறை வர்க்கமூலம் வரை ஒன்றையும் விடாமல் பார்த்தார். பகா எண். அடுத்தது ஒன்று.

"அம்மா! இப்படிப் போனாலும் ஒன்றுதான்!" என்றவர், சட்டென்று ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்துமா நிறுத்தினீர்கள்? இந்நேரம் ஆற்றைத் தாண்டியிருப்பேனே."

"பாதியில் விட்டதற்கு மகளைக் காரணம் சொன்னீர்கள். அந்தச் சொல்லோடு அவள் முன்னால் போய் நிற்க வேண்டாம் என்றுதான்."